மாப்பிள்ளைக்கு ஜீப்பில் வரும் கம்ப்யூட்டர்

போடிநாயக்கனூர்,
கார்த்திகை 9.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை செழியன் அவர்களுக்கு,

மாமனார் வீரணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை சுருளியம்மாளும் பசுவும் கன்றும் சுகம். அங்கே பூப்பாறையில் நீங்களும், என் மகள் முத்துப்பிரியாவும், அவள் வயிற்றில் இருக்கும் ஏழு மாதமும், தோட்டத்துச் செடிகளும் சுகமாயிருக்க மலைமேல் உள்ள சாமிகள் அத்தனை பேரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் நீங்கள் முதல்முதலாக உங்கள் தோட்டத்து ஏலக்காயைக் கொண்டுவந்து கமிஷன் கடையில் கொட்டியபோது, முப்பத்தெட்டு வருஷம் காய்க்குத் தரம் சொன்னவன் என்ற உரிமையில் நான் ஒரு கை அள்ளிப் பார்த்து, நாற்பது பேர் முன்னால், "கருகல் காய். இதைப் பாயசத்துல போட்டா பாயசமே கோவிச்சுக்கும்" என்று சொன்னது உண்மை. நீங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறியவர்தான், இன்றுவரை இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அது முடிந்து பிள்ளையைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். நீங்களோ, "சொன்ன வாயே மாத்திச் சொல்லட்டும், அப்புறம் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டீர்களாம். நியாயம்தான். வாயால் போனதை வாயால்தான் மீட்க வேண்டும், காகிதத்தில் எழுதினால் செல்லாது என்று உங்கள் அத்தையும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நானும் போனில் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் "சொல்லுங்க மாமா" என்று மரியாதையாகக் கேட்பீர்கள். நானோ, "அங்கிட்டு மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இப்படிப் பதினோரு தடவை உங்கள் ஊர் மழையை விசாரித்திருக்கிறேன். அதனால்தான் மதுரைக்குப் போனபோது பேச்சைப் பதிகிற மெஷின் ஒன்றை வாங்கிவந்து, வைக்கோல்படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பேசினால் உள்ளே போய்விடும், கம்ப்யூட்டரில் சொருகினால் வெளியே வந்து உங்கள் போனுக்குப் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னார். உள்ளே போனது. வெளியே வரத்தான் மாட்டேன் என்கிறது.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரை உங்களுக்குத் தெரியும். நான் வேலையிலிருந்து நின்றபோது கமிஷன் கடையில் சால்வைக்குப் பதிலாகக் கொடுத்தது. வயரைச் சொருகியதும் திரையில் மஞ்சள் முக்கோணம் ஒன்று வந்து, இந்தப் பொருள் யாரென்றே தெரியாது என்றது. நேற்று வந்த சம்பந்தியைப் போல அதை உட்காரவைத்து எத்தனை தடவை அறிமுகம் செய்தாலும் அதே பதில்தான். கம்ப்யூட்டர் சென்டர் பொற்கொடியைக் கூட்டிவந்து காட்டினேன். அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, "பெட்டி பழசு, மெஷின் புதுசு. ரெண்டும் ஒண்ணோடொண்ணு பேசிக்காது மாமா" என்றது. நம் இரண்டு பேரைச் சொல்கிறதோ என்று ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்தேன். இல்லை, கம்ப்யூட்டரைத்தான் சொன்னது.

என் கடைக்குக் கொண்டுவாங்க, ரெண்டு நிமிஷச் சோலி என்றும் சொன்னது. அங்கே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள் மாப்பிள்ளை. அத்தனை பேர் காதிலும் என் குரல் விழவா? முடியாது என்றேன். மெஷினோடு வந்த சி.டி. தட்டைப் போட்டுப் பாருங்கள் என்றது. தட்டு வைக்கிற வாய் திறக்கவில்லை. அத்தை கொண்டை ஊசியால் நெம்பித் திறந்தாள். அப்புறம் கம்ப்யூட்டர் இரண்டு நாள் எதையோ யோசித்துவிட்டு, இடம் போதாது என்றது. இடம்தானே, ஒதுக்கிக் கொடுப்போம் என்று நான் பெயர் தெரியாததை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் அழித்தது எதுவோ முக்கியமானதாம். திரை நீலமாகிவிட்டது, அம்புக்குறியையும் காணோம்.

மறுபடி பொற்கொடியிடம் யோசனை கேட்கப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. சட்டைப்பையில் இருந்த மெஷின் நனைந்துவிட்டது. நம் ஊரில் எது நனைந்தாலும் என்ன செய்வோம்? காய் உலர்த்துகிற ஸ்டோருக்குத்தானே கொண்டுபோவோம். ஸ்டோர் அமாவாசையிடம் கொடுத்தேன். அவனும் அக்கறையாகத் தட்டில் பச்சைக்காய்க்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்திவிட்டான். சாத்தியவன் சாப்பிடப் போய்விட்டான். அடுத்த ஷிப்ட்டில் வந்தவர்கள் தட்டைக் கவிழ்த்து, காம்பு தேய்த்து, சல்லடையில் போட்டுவிட்டார்கள். நான் பதறிப்போய் நிற்கிறேன், மெஷின் எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட முதல் தரத்தில் போய்ப் படுத்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகு அதில் சிவப்பு விளக்கு எரிகிறது. நல்ல மணமாகவும் இருக்கிறது.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவர். நாளைக் காலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும் சுடலையின் ஜீப்பில் கம்ப்யூட்டர், திரை, விசைப்பலகை, மெஷின், வயர் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி அனுப்புகிறேன். நீங்களே இரண்டையும் பேசவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக இருந்து கேளுங்கள். உள்ளே என்ன சொல்லியிருக்கிறேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். காயைப் பற்றிய என் கணிப்பில் தப்பில்லை, ஆனால் நாற்பது பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது என்கிற மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டபின் மனம் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு நீங்களும் இறங்கிவாருங்கள். அவளுக்குப் பிடித்த புளிச்சோற்றுக்கு அத்தை இன்றைக்கே புளி ஊறப்போட்டுவிட்டாள், சொன்னால் கேட்பதில்லை.

நீங்களும் மகளும் நிறைய பிள்ளைகளும் நிறைய காயுமாக நீடூழி இருக்க ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்,
வீரணன்.

பின்குறிப்பு: இதைப் போடிமெட்டில், ஜீப்பு சூடு ஆறுவதற்காக நிற்கும்போது எழுதுகிறேன். மேலே உள்ளதில் பாதி பொய்.

காலையில் கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டிருந்தோம். அத்தை மெஷினை முந்தானையால் துடைத்தவள் பக்கவாட்டில் எதையோ அழுத்திவிட்டாள். அதற்கு அதிலேயே வாய் இருந்திருக்கிறது மாப்பிள்ளை. கம்ப்யூட்டரே வேண்டியதில்லை. டீக்கடையில் இருந்த கூட்டம், ஜீப்பில் இருந்த பதினாறு பேர், எதிர்வீட்டு மாடி, எல்லாம் கேட்க என் குரலிலேயே பேசியது:

"மாப்ளே, அது நல்ல காய். கண்ணு ஆபரேசன் முடிஞ்சு நாலாம் நாளு, கறுப்புக் கண்ணாடியோட பார்த்துட்டேன். நீங்க மூட்டையக் கட்டும்போது கண்ணாடியக் கழட்டுனேன். பச்சப்பசேல்னு இருந்துச்சு. அம்புட்டுப் பேரு நிக்கிறாகளேன்னு வாயத் திறக்கல. என்னைய மன்னிச்சிருங்க."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று மாதம் மகளோடு சேர்ந்து அழுதவள். "கம்ப்யூட்டர இறக்கி வைங்க. நீங்க ஏறுங்க" என்றாள். ஏறிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைச் சுடலையிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, நான் உங்கள் கேட்டுக்கு வெளியே ஜீப்பில் உட்கார்ந்திருப்பேன். போடியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. உங்களிடம் மட்டும்தான் இன்னும் நேரில் சொல்லவில்லை. நாயைப் பிடித்துக் கட்டுங்கள் மாப்பிள்ளை, இறங்கிவந்து வாயாலேயே சொல்லிவிடுகிறேன். மழையைப் பற்றிக் கேட்கமாட்டேன்.