வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு

"இந்தப் பச்சைக் கோடு கொஞ்சம் பொக்கமா நிக்குதே பிள்ளே," என்றார் சேல்ஸ் மேனேஜர் பொன்னையன், கம்ப்யூட்டர் திரையைத் தொட்டு.

"அது பாறசாலை, சாரே. அங்க செருப்பு கூடுதல் வித்தா கோடும் பொக்கமா உசந்துதான் நிக்கும்."

பெர்த்தா பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். அமரவிளை செக்போஸ்ட்டைத் தாண்டியிருந்த அந்த ரப்பர் செருப்புக் கம்பெனியில் தொண்ணூற்றாறு ஜனவரியில் சேர்ந்தவள். எந்த ஊரில் எத்தனை ஜோடி விற்றது என்பதை மேனேஜர்மார் ஒரு பொத்தானைத் தட்டிப் படமாகப் பார்க்க வேண்டும். அதற்குப் புரோகிராம் எழுதத்தான் எடுத்தார்கள். மார்ச் முப்பதுக்குள் மூன்று மேனேஜர்களும் திருப்தி என்று கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சொந்த ஊரான கோட்டுகாலுக்குத் திரும்ப வேண்டியதுதான். கடலுக்குப் போகும் அப்பன் பி.எஸ்சி. படிக்க வைத்த ஒரே பிள்ளை எப்போது தோற்றுத் திரும்பி வரும் என்று கடற்கரையில் சிலர் ஆசையோடு காத்திருந்தார்கள்.

கோட்டைப் படுக்கப் போட்டாள்.

மறுநாள் ஸ்டோர் மேனேஜர் ஞானசிகாமணி உதட்டைப் பிதுக்கினார். "சீக்குக்காரன் கெடக்குற மாதிரி இருக்கு. வட்டமா ஆக்கு."

வட்டமாக்கினாள்.

"கேக்கு வெட்டி வச்ச மாதிரியாக்கும் இருக்கு," என்றார் புரொடக்ஷன் மேனேஜர் எலியா. "கிளார்க்குமாருக்கு மனசிலாவணுமே. அவங்களையும் கூட்டிட்டு வாறேன்."

கிளார்க்குகள் வந்தார்கள். தூசி ஆகாது என்பதால் கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று ஜோடி ஆறானது, ஆறு ஒன்பதானது. எல்லாம் கம்பெனியின் நீல வார்ச் செருப்பு. மத்தியானச் சோறு உண்டதும் வருவார்கள், நாலு மணிக்கு எழுவார்கள். ஒருவர் மஞ்சள் கேட்பார், ஒருவர் மஞ்சள் வேண்டாம் என்பார். மற்றவர்கள் கண்ணை மூடி யோசிப்பார்கள்.

அந்த அறையின் குளிரில் பெர்த்தாவுக்கு விரல் விறைத்தது. ஒருநாள் ஏசியைக் குறைக்கப் போனாள். எலியா பதறி எழுந்தார்.

"தொடாத பிள்ளே. கம்ப்யூட்டருக்குக் கேடாக்கும்."

கம்ப்யூட்டருக்கு இருக்கும் மதிப்பு எனக்கு இல்லை என்று முனகியபடி, அப்பனின் தோர்த்துத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கீபோர்டைத் தட்டினாள்.

முப்பதாம் தேதி எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டாள். கோடா வட்டமா, தமிழா மலையாளமா, என்ன நிறம், எதுவானாலும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம்.

பொன்னையன் பேனா மூடியைத் திறந்தார். மற்ற இருவரையும் பார்த்தார். மூடினார்.

"கொள்ளாம், எல்லாம் சரி. ஆனா கோடு ஒண்ணு அசைஞ்சா நல்லா இருக்கும், இல்லியா?"

"அசையணுமா?"

"அவசரமில்ல. மே மாசம் கழியட்டும். முதலாளிகிட்ட சொல்லி நாள் வாங்கித் தாறேன்."

பெர்த்தா எழுந்து கதவை விரியத் திறந்தாள். ஷெட்டில் வேலை செய்கிறவர்களும் கேட்கட்டும்.

"செருப்பு எத்தனை வித்துதுன்னு பாக்க இங்க ஒருத்தருக்கும் மனசில்ல. படிச்சிட்டு வந்த ஒருத்தி எத்தனை தடவ குனிவான்னு பாக்கணும், அவ்வளவுதானே? எங்கப்பன் வலையைக்கூட இத்தனை தடவ அவுத்துக் கட்டினதில்ல, சாரே."

ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

"கதவைச் சாத்திட்டுத் திட்டு பிள்ளே," என்றார் எலியா, கெஞ்சுகிற குரலில்.

சாத்தாமலே வெளியேறினாள். தகர ஷெட்டின் வெக்கை முகத்தில் அறைந்தது. வாசலில் சரோஜம் அக்கா ஒன்பது ஜோடி செருப்பையும் ஒதுக்கிவிட்டு வாரியலால் தூத்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இவங்களுக்கு என்மேல என்ன பகை அக்கா?" என்றாள் பெர்த்தா.

சரோஜம் வாரியலை நிறுத்தினாள்.

"உன்மேல என்ன பகை மக்கா? உனக்க புரோகிராம் முடியுற அன்னைக்கு அந்த ஏசியக் கழட்டி வீட்டுல மாட்டணும்னு முதலாளியம்மா சொல்லியாச்சு. இந்த வேனல் சூட்டுல இவங்க பொறவு எங்க போயி ஒறங்குவாங்க?"