டாக்டர் ஆட்டமிழக்காத பிற்பகல்

"கெசையாவுக்கு வலி எடுத்திருக்கு டாக்டர். இப்பதான் ஆரம்பம், அவசரமில்லையாம். உங்க ஆட்டத்த முடிச்சுட்டு வந்தாப் போதுமாம்."

சொன்னவர் எதிரணியின் பந்துவீச்சாளர் ஜாப் வென்னர். தொழிலில் கொல்லர். கெசையா அவர் மனைவி.

டாக்டர் ஆம்ப்ரோஸ் கார்ஸ்லேக் மட்டையோடு தலையாட்டினார். அவர் ஆட்டம் எப்போதும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதுவரை எடுத்த அதிகபட்ச ரன் பதினொன்று.

சாமர்செட்டின் இந்தக் கிராமத்துக்கு வந்து எட்டு மாதம். பெயர்ப்பலகையைத் தினமும் துடைத்தார். கதவை யாரும் தட்டவில்லை. கெசையாதான் முதல் நோயாளி. அதுவும் கர்னலின் மனைவி பிடிவாதம் பிடித்ததால். டாக்டரின் பையிலிருந்த பிரசவ ஆயுதத்தைப் பார்த்துவிட்டு வென்னர் அன்றே சொன்னார்: "குதிரைக்கு லாடம் அடிக்கக்கூட என்கிட்ட இவ்ளோ பெரிய இடுக்கி இல்லைங்க."

இந்தப் பிரசவத்தைத் தவறவிட்டால் பலகையைக் கழற்றிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

முதல் பந்து கால் பக்கம் மெதுவாக வந்தது. தொட்டார். வேலியில் போய் இடித்தது. நான்கு.

ஜூன் வெயில் புல்லின்மேல் பாலாடை போலப் படிந்திருந்தது. எல்ம் மரங்களில் காகங்கள் தூங்கி வழிந்தன. பந்துகள் தண்ணீருக்கடியில் நீந்துவதுபோல் வந்தன. வேறு யாரோ காணும் கனவுக்குள் தான் நின்று ஆடுவதாக டாக்டருக்குத் தோன்றியது.

தேவாலய மணி மூன்று அடித்தது. திடுக்கிட்டார். ஒரு மணி நேரம் போயிருந்தது.

அடுத்த பந்தை ரொட்டிக்கடை டட்டனின் கைக்கே தூக்கி அடித்தார். பந்து உள்ளே போனது, வெளியே வந்தது.

"காலையிலேர்ந்து மாவு பிசைஞ்ச கைங்க. பிடிக்க மாட்டேங்குது."

டாக்டர் இல்லாத ரன்னுக்கு ஓடிப் பாதியில் நின்றார். விக்கெட் கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் தையலை ஆராய்ந்தார்.

"வந்துடுங்க டாக்டர். வெயில்ல நிக்காதீங்க."

கடைசியில் தன் ஸ்டம்பைத் தானே மட்டையால் இடித்தார். பெயில்கள் விழுந்தன. எதிரணியில் ஒருவரும் 'அவுட்டா?' என்று அம்பயரைக் கேட்கவில்லை.

"நான் அவுட்!"

அம்பயர் டாப் வானத்தைப் பார்த்தார். "யாரும் கேக்கலீங்களே. கேட்டாத்தானே நான் விரலத் தூக்க முடியும்?"

"நான் கேக்கறேன்யா!"

"நீங்க பேட்ஸ்மேன். உங்களுக்கு அந்த உரிமை கிடையாதுங்க." டாப் குனிந்து, பெயில்களைப் பூ வைப்பதுபோல் திரும்ப வைத்தார்.

டாக்டர் வெளியே நடந்தார். எல்லைக் கோட்டில் கர்னல் நின்றிருந்தார். அணித்தலைவர், டாக்டர் குடியிருந்த வீட்டுக்கும் சொந்தக்காரர்.

"கார்ஸ்லேக்! எங்கய்யா கிளம்பிட்ட?"

"பிரசவம் சார்."

"மைதானத்துல தொழில் பேச்சா? காசுக்கு ஆடறவன்தான்யா வேலை, நேரம்னு பார்ப்பான். நாம கனவான்கள். போ, போய் ஆடு!"

திரும்பினார். மட்டை தானாகச் சுழன்றது. ஐம்பது தாண்டியது. பெண்கள் குடைகளுக்கடியிலிருந்து கைதட்டினார்கள். நிழல்கள் நீண்டன. சிறிது நேரம் கெசையா என்ற பெயரே அவர் நினைவில் இல்லை.

பிறகு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது.

மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கால்காப்பின் வாரை அவிழ்க்கக் குனிந்தார். "கர்னல் வீட்டைக் காலி பண்ணச் சொல்லட்டும். நான் போறேன் வென்னர். உன் பொண்டாட்டிதானேய்யா அங்க கிடக்கிறா?"

வென்னர் அவரைப் பார்க்கவில்லை. மேட்டிலிருந்த தன் வீட்டின் மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே யாரோ ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு பந்து டாக்டர்."

மட்டையை எடுத்துச் சரியாகப் பிடிப்பதற்குள் நடு ஸ்டம்ப் பறந்து கீப்பரைத் தாண்டி விழுந்தது.

இருவரும் மேட்டில் ஓடினார்கள். டாக்டர் கால்காப்போடு, பையோடு. வாசலில் மருத்துவச்சி திருமதி டக்கெட் கை கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை வீறிட்டது. கெசையா தேநீர் கேட்கும் குரலும் வந்தது.

"மன்னிக்கணும்," டாக்டருக்கு மூச்சு வாங்கியது. "என்னன்னே தெரியல, இன்னிக்கு அவுட்டே ஆகல. அறுபத்து மூணு எடுத்துட்டேன்." கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமை ஒட்டியிருந்தது.

திருமதி டக்கெட் வென்னர் பக்கம் திரும்பினாள்.

"துணி தொங்குற வரைக்கும் அவரை அவுட் ஆக்காதேன்னுதானேடா சொன்னேன்? அதுக்கு அறுபத்து மூணு ரன்னா குடுப்ப?"