ஜன்னலின் உரிமையாளர்

இனி இந்த வீட்டு ஜன்னல் திரை தன் விரல் அசைந்தால் மட்டுமே அசைய வேண்டும் என்று கிடங்கு மேற்பார்வையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சபதம் எடுத்தார். சோபாவில் படுத்தபடியே எடுத்தார். எழுந்து நின்று எடுத்தால் இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும். ஆனால் தூக்கம் கலைந்துவிடுமே.

வாரம் முழுக்கக் கிடங்கில் அவர் கை நீட்டினால் மூட்டைகள் நகர்ந்தன, லாரிகள் நகர்ந்தன. வீட்டில் மட்டும் ஒரு துண்டுத் துணி அவர் பேச்சைக் கேட்க மறுத்தது. கூடத்தை இருட்டாக்கி, டிவியில் ஆட்டத்தைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்திலேயே தூங்குவது அவருக்கு உயிர். அதே கூடத்தில், அதே ஜன்னலோரம், அவர் மனைவியின் தையல் மெஷின். அவளுக்கு வெளிச்சம் உயிர். அவர் திரையை இறக்குவார், அவள் ஏற்றுவாள். நடுவில் மாட்டிக்கொண்ட கயிறுதான் பாவம், நார் நாராகத் தொங்கியது.

"உங்க இருட்டுல தச்சு, போன மாசம் கருநீலச் சீருடைக்கு எல்லாம் கறுப்பு நூலைப் போட்டுட்டேன். அத்தனையும் உக்காந்து பிரிச்சேன். இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா பள்ளிக்கூடத்துக்காரங்க வேற ஆளைப் பாத்துப்பாங்க."

"லைட்டைப் போட்டுக்க."

"லைட்டுல ரெண்டும் ஒரே கலரா தெரியுதுங்க."

"தூங்குறவனுக்கு எல்லாமே ஒரே கலர்தான். நான் புகார் சொல்றேனா?"

அன்று மாலையே மோட்டார் திரை விற்கும் கடைக்குப் போன் போட்டார். சுவரில் ஒரு டச் பேனல், விளக்கும் திரையும் அதன் கைக்குள். கடைக்காரப் பெண் போன் நம்பர் கேட்டாள். மூச்சு விடாமல் ஒப்பித்தார். கேஸ்காரர், கூரியர்காரர், வங்கி, பல் டாக்டர் என்று எல்லாருக்கும் பல வருஷமாக அவர் கொடுத்து வரும் நம்பர் அது. அதைக் கொடுத்தால் அவர் தூக்கத்தை யாரும் கெடுக்க மாட்டார்கள்.

எலெக்ட்ரீஷியன் வந்து மோட்டாரைப் பொருத்தினார், பேனலை மாட்டினார். பழைய சுவிட்சுகளைப் பார்த்து யோசித்தார்.

"ஒண்ணு ரெண்டு சுவிட்சை விட்டு வைக்கலாமே சார். அவசரத்துக்கு உதவும்."

"கோட்டையைக் கட்டிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்றீங்களா? எல்லாத்தையும் கழட்டுங்க. அந்தக் கயிறையும் அறுங்க!"

கயிறு அறுந்து விழுந்தபோது அவருக்கு நெஞ்சே குளிர்ந்தது. அதைச் சுருட்டித் தானே கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டார். திரும்பி வரும்போது சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, என் போனுக்கு ஏதோ நம்பர் வந்திருக்கு. சொல்லவா?"

"சொல்லு, சொல்லு."

அவள் சொன்னாள், எலெக்ட்ரீஷியன் பேனலில் தட்டினார், பேனல் பச்சையாகச் சிரித்தது. மேற்பார்வையாளர் தொட்டார். திரை முனகிக்கொண்டே இறங்கியது. மறுபடி தொட்டார். ஏறியது. அன்று முழுக்க அதற்கு ஓய்வே இல்லை.

"ரொம்ப நல்லாயிருக்குங்க," என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாங்கி வந்த எதையும் அவள் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. சரி, தோற்றவள் வேறென்ன சொல்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, வெற்றியை நேரில் காட்ட எதிர்வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டிருந்தார். அவர் வருவதற்குள் ஒரு ஒத்திகை பார்க்கலாமென்று பேனலைத் தொட்டார். திரை பாதி இறங்கியது, நின்றது, ஏறியது. மறுபடி தொட்டார். கால்வாசி இறங்கி ஏறியது. ஓங்கி ஒரு குத்து விட்டார். இப்போது அசையவே இல்லை. மனைவி மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். துணிக்குப் பக்கத்தில், கத்தரிக்கோல் இருக்க வேண்டிய இடத்தில், அவள் போன் இருந்தது.

எலெக்ட்ரீஷியனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அது உரிமையாளர் போன்ல சொன்னாத்தான் கேக்கும் சார்."

"நான்தான்யா உரிமையாளர்!"

"கடையில நீங்க குடுத்த நம்பர் யாருது சார்?"

மேற்பார்வையாளர் மெஷின் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். "அது... வீட்டுல அவங்களுது."

"அப்போ அவங்கதான் சார் உரிமையாளர்."

"அப்போ நான் யாரு?"

"நீங்க விருந்தாளி. அவங்களா பாத்து உங்களைச் சேத்திருக்காங்க. நல்ல மனசு சார் அவங்களுக்கு."

மெஷின் நின்றது. "எதுக்குங்க இவ்வளவு பாடு? ஒரு வார்த்தை கேட்டா நானே இறக்கி விடுறேன். இந்த ஒரு கை மட்டும் தச்சு முடிச்சுக்கறேன்."

"கேக்கறதா? நானா? இந்த வெயில்ல வறுபட்டு அப்பளமா போனாலும் போவேன். உன்கிட்ட கேக்க மாட்டேன்!"

சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே போனார். கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். குடையை எடுத்து விரித்தார். அதைப் பிடித்துக்கொண்டு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, டிவியில் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தார். வெயிலில் டிவி ஒரு வெள்ளைப் பலகையாகத் தெரிந்தது. இருந்தாலும் யாரோ கைதட்டும்போதெல்லாம் அவரும் விடாமல் கைதட்டினார். குடை ஆடியது.

வாத்தியார் உள்ளே வந்து திகைத்து நின்றார்.

"என்ன சார், வீட்டுக்குள்ள குடை?"

"ஏன், என் வீடு, என் குடை. உடம்புக்கு வெயில் நல்லது, தெரியாதா?"

"வெயில் நல்லதுன்னா குடை எதுக்கு?"

"அளவா எடுத்துக்கறேன்!"

"உக்காருங்கண்ணே," என்றாள் மனைவி, நூல் கோத்தபடி.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அதிலிருந்து எலெக்ட்ரீஷியனின் குரல் வந்தது. "சார், மனசை விடாதீங்க. உரிமையாளரை மாத்திக்கலாம். பேனல்ல உங்க நம்பரைப் போடுங்க. ஒரு ரகசிய எண் வரும். அதைத் தட்டினா ஜன்னல் உங்களுது."

மேற்பார்வையாளர் துள்ளி எழுந்தார். குடையை மடக்கினார். "பாத்துக்கிட்டே இருங்க வாத்தியாரே, இப்போ ஆட்சி மாறப் போகுது!" தன் நம்பர் அவருக்கு ஞாபகம் இல்லை. போனைத் திருப்பி, பின்னால் மனைவி எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் பேனலில் போட்டார். ரகசிய எண்ணுக்காகப் போனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு காத்திருந்தார். வாத்தியாரும் எட்டிப் பார்த்தார். எண் வரவில்லை. உதறினார். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தார்.

"சார், சொல்ல மறந்துட்டேன்," என்றார் எலெக்ட்ரீஷியன். "அந்த எண் பழைய உரிமையாளருக்குத்தான் போகும். அவங்க சம்மதம் வேணுமில்ல?"

மெஷின் பக்கத்தில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, போனை எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, என் போனுக்கு ஏதோ நம்பர் வந்திருக்கு. கேட்டா சொல்றேன்."

மேற்பார்வையாளர் மடக்கிய குடையை மறுபடி விரித்தார்.