மூசாங் பழக்கிய ரெங்கசாமி

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து சுங்கை புரோங் வரை எந்தத் தோட்டத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், தொழிலாளர் லயத்துக்கு ஒருவராவது இந்த இனத்தவர் இருப்பார். பழக்குகிறவர் என்று அழைப்போம். குரங்கோ, உடும்போ, செம்பனை மட்டையிலிருந்து விழுந்த அணில்குஞ்சோ, காட்டில் பிறந்த எதுவும் இவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பட்டால், போட்டிருக்கும் சட்டையைக் கழற்றி அமுக்கிப் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, பெண்டாட்டி பிள்ளைகளுக்கு வாங்கிய வாழைப்பழத்தை அதற்கு ஊட்டி, நாலு பேரைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்க லா, ஒண்ணும் செய்யாது, எங்கிட்ட நல்லாப் பழகிடுச்சு" என்பார். நீங்கள் தொடுவீர்கள். அது கடிக்கும்.

கடித்தால் குற்றம் யாருடையது? உங்களுடையதுதான். "ஏன் அதோட கண்ண நேரா பாத்தீங்க?" என்பார். "உங்க சவர்க்கார வாசம் அதுக்குப் புடிக்கல" என்பார். இரண்டும் எடுபடாவிட்டால், "நீங்க பயந்துட்டீங்க, அதான் அதுவும் பயந்துருச்சு" என்று அந்தப் பிராணியின் தலையைத் தடவி ஆறுதல் சொல்வார். விரலில் மஞ்சள் அப்பிக்கொண்டு வீடு திரும்பும்போது, அதனிடம் மன்னிப்புக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று உங்களுக்கே உறுத்தும்.

இந்த இனத்தில் நான் கண்ட தலைசிறந்தவர் ரெங்கசாமி. எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டுகிறவர். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், வெட்டிய குலையோடு ஒரு மரநாய்க்குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். புத்தகம் படித்தவர்கள்தான் மரநாய் என்பார்கள், தோட்டத்தில் அது மூசாங். அதற்கு 'துரை' என்று பெயர் வைத்தார். "பகலெல்லாம் தூங்குது, ராத்திரியில சாப்பிடுது, யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியல. வேற என்ன பேரு லா வைக்கிறது?" என்றார். சமையலறைக்குப் பின்னால் கம்பிக் கூண்டு செய்தார். கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. பழகிய பிராணியைப் பூட்டி வைத்தால் அது மனம் நோகுமாம்.

அவருடைய மனைவி அமராவதியும் ஓர் உயிரை வளர்த்தார். சிவப்புச் சேவல். முந்தின வருடம் மகள் சந்திரிகா மஞ்சள் காமாலையில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் சேவல் கொடுக்கிறேன் என்று தோட்டத்து முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை நடந்து வீட்டுக்கு வந்தது. அன்றே ஒரு குஞ்சைத் தேர்ந்தெடுத்து, காலில் மஞ்சள் கயிறு கட்டி, சாமிக்கென்று விட்டுவிட்டார். அப்படி நேர்ந்துவிட்டதை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, அது அரிசிப் பானைக்குள் இறங்கினாலும் வைய முடியாது. திருவிழாவன்று அதைக் கொடுக்காவிட்டால் சாமி பிள்ளையைத் திரும்பக் கேட்குமோ என்பதுதான் அமராவதியின் பயம்.

"ஏங்க, திருவிழா வரைக்குமாவது உங்க துரையக் கட்டிப் போடுங்களேன்."

"அதுங்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி பழகிடுச்சு. நீ சும்மா இரு லா."

திருவிழா வாரத்தில் ஒரு காலை, அண்ணன் கூண்டுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தம்பியின் இறகுகள் வாசலெல்லாம் கிடந்தன, மஞ்சள் கயிறு கட்டிய ஒரு காலும் கிடந்தது. அமராவதி அந்தக் கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டு அழுதார். ரெங்கசாமி என்ன செய்தார்? கூண்டைக் காட்டிப் பூரித்துப் போனார்.

"பாத்தியா, தின்னுட்டு நேரா வீட்டுக்கு வந்துருச்சு. பழகலன்னா வருமா?"

அமராவதி அன்று சோறு பொங்கவில்லை. அதன் பிறகே ரெங்கசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். திருவிழாச் சமயம் பாருங்கள், கம்பத்து நாட்டுச் சேவல் ஒன்றுகூட மிச்சமில்லை. கிடைத்தது ஒரு வெள்ளைப் பண்ணைக்கோழி. அதே மஞ்சள் கயிற்றை அதன் காலில் கட்டி, "சாமி கயிறத்தான் பாக்கும்" என்று மனைவிக்குத் தைரியம் சொன்னார்.

வெட்டுவதற்கு முன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலுப்பாமல் பூசாரி கத்தியைத் தொடமாட்டார். திருவிழாவன்று கோழியைக் கோயில் முன்னால் நிறுத்தி, பூசாரி நல்லசாமி தெளித்தார். கோழி உட்கார்ந்தது. மறுபடி தெளித்தார், கண்ணை மூடிக்கொண்டது. உறுமியை வேகமாக அடித்தார்கள், செம்பிலிருந்த மிச்சத் தண்ணீரையும் ஊற்றினார்கள், அது தலையை நிமிர்த்தி இரண்டு மடக்குக் குடித்தது. பிறந்தது முதல் பண்ணைக்கு வெளியே எதையும் கண்டிராத கோழி அது. ரெங்கசாமி வீட்டுக்கு வந்த உயிர்களில் உண்மையாகவே பழகியது அது ஒன்றுதான்.

"அமராவதி, சாமி உத்தரவு குடுக்கல. நேந்துவிட்டது எங்கம்மா?"

மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அமராவதி சொன்னார்: "மூசாங் வயித்துல இருக்கு, பூசாரி."

உறுமி நின்றது. கூட்டத்தில் ஒரு சட்ட நிபுணர் இல்லாமலா போவார்? "அப்ப மூசாங்கக் கொண்டாங்க! சாமியோட பொருள் அதுக்குள்ளதான இருக்கு" என்றது ஒரு குரல். சரிதானே, சரிதானே என்றார்கள். ரெங்கசாமி தயங்கினார். "கூப்பிட்டா வருமா, வராதா?" என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கேள்விதான் மனிதரைக் கவிழ்த்தது. விடுவிடுவென்று வீட்டுக்குப் போய், பகல் தூக்கத்திலிருந்த துரையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, "பாருங்க, எப்படி வருது" என்று கோயில் முன்னால் நின்றார்.

நல்லசாமி தெளித்தார். புதிதாகக் கலக்கிய மஞ்சள் தண்ணீர் பட்டதும் துரை மூக்கிலிருந்து வால் நுனி வரை சிலுப்பியது பாருங்கள், முன்வரிசைக்கெல்லாம் தீர்த்தம் கிடைத்தது.

"உத்தரவு ஆயிடுச்சு!" என்றது கூட்டம்.

உறுமி முழங்கியது. பூசாரி கத்தியைப் பார்த்தார், மூசாங்கைப் பார்த்தார். ரெங்கசாமியின் முகத்தில் ரத்தம் இல்லை. மனிதரைக் கேலி செய்கிறேனே தவிர, அந்தப் பிராணிமேல் அவர் உயிரையே வைத்திருந்தார். அப்போது எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

"வேணாம் பூசாரி, இது எம் புள்ள மாதிரி..." என்று அதை இன்னும் இறுக்கினார்.

புள்ள அவர் மணிக்கட்டைக் கடித்தது. நன்றாகக் கடித்தது. பிடி விட்டதும் பூசாரியின் தோளில் ஏறி, கோயில் தகரக் கூரையில் தாவி, செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டது. திரும்பியே பார்க்கவில்லை.

அமராவதி மண்ணில் விழுந்து கும்பிட்டார். "அடுத்த வருசம் வேற சேவல் கொண்டாறேன் சாமி. அதுவரைக்கும் எம் புள்ளையத் தொட்டுடாத." நல்லசாமி சந்திரிகாவின் நெற்றியில் திருநீறு பூசி, "சாமி பொறுத்துக்கும்மா" என்றார். எழுந்த அமராவதி பண்ணைக்கோழியின் காலிலிருந்த கயிற்றை அவிழ்த்து இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

ரெங்கசாமியோ, மணிக்கட்டிலிருந்து ரத்தம் முழங்கைக்கு வழிய, கூட்டத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"நாந்தான் அது காதுல போகச் சொன்னேன். சொன்ன ஒடனே போயிருச்சு பாத்தீங்களா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகன் ஒரு விடிகாலையில் சட்டை துணியை மூட்டை கட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ரவாங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனானே, அன்று விசாரிக்க வந்தவர்களிடம் என்ன சொன்னீர்கள்? "நான்தான் போகச் சொன்னேன்" என்றுதானே? அவர்கள் தலையாட்டினார்கள், காப்பி குடித்தார்கள், போய்விட்டார்கள். உங்கள் மணிக்கட்டில் கடி இருக்கிறதா என்று பார்க்காமல் போனது அவர்களுடைய மரியாதை.