ஒன்பதடி மனிதர்கள் கட்டாத நூலகம்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தி அம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமான அவர்களைப் பற்றி இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை என்பது தங்களுக்கே தெரியும். இன்றும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். படித்து முடித்தபின் குறையைத் தாங்களே சொல்லிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை அவர்கள் கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிறவர். ஆறு மாதமாகக் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு விஷயம் புலப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதையும் ஒரு காலத்தில் ஒரே பேரரசு ஆண்டதாம். அந்த மக்கள் ஒன்பதடி உயரமாம். ஆகாயத்திலிருந்து கம்பி வழியாகக் கரண்ட் எடுத்து விளக்கெரித்தார்களாம். திடீரென்று மண் வெள்ளம் வந்து எல்லாரையும் மூடிவிட்டதாம், மிச்சம் நிற்கிற கட்டடங்களை எல்லாம் தாமே கட்டியதாக அரசாங்கங்கள் புளுகுகின்றனவாம். சரி, எவனோ எங்கேயோ ஆண்டுவிட்டுப் போகட்டும், எனக்கென்ன என்று நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவர் அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பேரரசின் கட்டடம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். எது என்கிறீர்கள்? கடைத்தெருப் பொது நூலகம்.

ஐயா, அந்த நூலகத்தைக் கட்டியது நான்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் மேஸ்திரியாக நின்று, பதினேழு ஆட்களை வைத்துக்கொண்டு, எட்டு மாதத்தில் எழுப்பிய கட்டடம் அது. குவிமாடம் எதற்கு என்கிறார் மாப்பிள்ளை. அப்போதைய நகராட்சித் தலைவர் காலண்டரில் ஒரு அரண்மனைப் படத்தைப் பார்த்துவிட்டு இதே மாதிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், அதற்கு. உச்சியில் இருக்கும் கம்பி இடிதாங்கி. பதினாலடிக் கதவு ஒன்பதடிக்காரர்கள் தலை இடிக்காமல் நுழைவதற்காம்! அது தீயணைப்பு நிலையத்துக்காகச் செய்த கதவு. அங்கே இரும்புக் கதவுதான் வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். காண்ட்ராக்டர் அதைக் கொண்டுவந்து என் முன்னால் இறக்கி, "மேஸ்திரி, கதவுக்குத் தக்க மாதிரி சுவத்தை ஒசத்திடுங்க" என்றார். உயர்த்தினேன். எங்கேயும் போய்ச் சேராமல் கூரையில் முட்டி நிற்கும் மாடிப்படி ரகசிய வழியாம். மாடி கட்ட அனுமதி வருவதற்குள் அவசரப்பட்டுப் படியைக் கட்டிவிட்டோம், அனுமதி இன்றுவரை வரவில்லை. தரையில் பதிந்திருக்கும் அரச சிங்கத்தின் காலடி, ஈரச் சிமெண்டில் நடந்த நாயுடையது. அதை நாங்கள் சோம்பேறி என்று கூப்பிடுவோம். எட்டு மாதத்தில் அது எழுந்து நடந்ததே அந்த ஒரு நாள்தான்.

இவற்றைக்கூட விட்டுவிடுகிறேன். பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும் ஜன்னல்களைத்தான் மாப்பிள்ளை பெரிய சாட்சியாகக் காட்டுகிறார். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நூலகம் முடிந்தபின் நான் சாலை வேலைக்குப் போய்விட்டேன். புதிதாகத் தார் போடுவதற்கு முன் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது விதி. யார் சுரண்டுவது? அப்படியே மேலேயே போட்டோம். ஒரு தடவைக்கு நாலங்குலம் என்று அந்தத் தெருவுக்குப் பதினொரு தடவை போட்டாயிற்று, அதில் ஏழு தடவை நானே பக்கத்தில் நின்று போட்டது. தெரு உயர உயர ஜன்னல் இறங்கியது. தேதி பொறித்த அடிக்கல்கூடத் தாருக்கு அடியில் போய்விட்டது. உலகத்தை அழித்த அந்த மண் வெள்ளம் நான்தான், ஐயா.

இதை எல்லாம் மாப்பிள்ளையிடம் மரியாதையாகச் சொன்னேன். "மாமா, நீங்க பூச்சு வேலை பாத்திருப்பீங்க. மொத்தமும் நீங்க கட்டினதா உங்களை நம்ப வெச்சிருக்காங்க" என்றார். பூச்சு வேலை! எட்டு மாதம் எனக்குச் சாப்பாடு சுமந்து வந்த என் மனைவி வாயைத் திறப்பாள் என்று பார்த்தால், "மாப்பிள்ளைகிட்டப் போய் என்ன வாக்குவாதம்? ஒன்பதடின்னா ஒன்பதடின்னு விட்டுட்டு வாங்க" என்கிறாள். மகளோ, "அவரும் நிறையப் படிச்சுட்டுத்தானேப்பா சொல்றாரு" என்கிறாள். பேத்தி ஒருபடி மேலே போய், என்னைச் சுவரோரம் நிறுத்தி டேப் வைத்து அளந்துவிட்டு, "தாத்தா, நீ அஞ்சடி நாலங்குலந்தான் இருக்கே. நீ எப்படிக் கட்டியிருப்பே?" என்று கேட்டது. பெற்றவர்களைச் சொல்ல வேண்டும்.

போன வாரம்தான் எல்லாம் எல்லை மீறியது. பேரரசின் கீழ்த்தளத்தைத் தோண்டி எடுக்கிறோம் என்று மாப்பிள்ளையும் இதற்கென்றே அவர் ஆரம்பித்திருக்கும் ஆய்வுக் கழகத்தின் பன்னிரண்டு பேரும் கடப்பாரையோடு கிளம்பினார்கள். கேட்டவர்களிடம் சாக்கடை அடைப்பு எடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றடி ஆழத்தில் கீழ்த்தளம் வரவில்லை, குடிநீர்க் குழாய் வந்தது. ஓங்கி ஒரு போடு. பீறிட்ட தண்ணீர் வெட்டிப்போட்ட மண்ணை எல்லாம் வாரிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே இறங்கிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாசிப்பு அறையில் முழங்கால் அளவு சேறு. நடுவில் மாப்பிள்ளை செல்போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி, "பாத்தீங்களா! மண் வெள்ளம்! நான் சொன்னப்போ சிரிச்சீங்களே!" என்று கத்திக்கொண்டிருந்தார். கட்டடத்தின் வரைபடமும் கோப்பும் ஒரே பிரதியாக இருந்த அலமாரி அந்தச் சேற்றில் கவிழ்ந்து கூழாகிவிட்டது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, ஐயா.

மறுநாள் நகராட்சிப் பொறியாளர் வந்தார், கதவில் நோட்டீஸ் ஒட்டினார். சுவர் ஊறிவிட்டது, கட்டடம் ஆபத்தானது, இடிக்க வேண்டுமாம். ஆட்சேபம் இருந்தால் வியாழக்கிழமை காலை விசாரணையில் சொல்லலாம். நூறு வருடம் தாண்டிய கட்டடமாக இருந்தால் இடிக்கக் கூடாது, பழுதுபார்க்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு, முந்நூறு வருடப் பழமை என்று மனு போட்டிருக்கிறார். கோப்பு போய்விட்டது, காண்ட்ராக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார், என் ஆட்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கோ கட்டடம் நின்றால் போதும், வாய் திறக்கமாட்டார்கள். சபையில் எழுந்து அதன் வயதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

நான் வியாழக்கிழமை போகப் போகிறேன். எழுந்து நின்று உண்மையைச் சொல்லப் போகிறேன். இடிந்தால் இடியட்டும்! திறப்பு விழாவில் மேடையில் இருந்த ஆறு பேரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள். நான் பின்னால் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வருடமாக இதைக் கட்டியது யார் என்று ஒரு ஆள் கேட்டதில்லை, நானும் பொறுத்துக்கொண்டேன். இப்போதுதான் முதல் தடவையாக ஊரே கேட்கிறது, அதற்குப் பதில் ஒன்பதடிக்காரனாம்! கட்டியவன் இன்னான் என்று தெரிந்தபிறகு அது விழட்டும், எனக்குப் போதும். ஆகவே தாங்கள் உடனே போன் செய்து, மனுவை வாபஸ் வாங்கும்படி தங்கள் மகனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சபையில் மாமனாரால் மாப்பிள்ளைக்குத் தலைகுனிவு வந்தது என்று பிறகு என்மீது வருத்தப்படக் கூடாது.

சம்பந்தி அம்மாளின் முழங்கால் வலிக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்லவும். தங்கள் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்வதாகச் சொன்னீர்கள், வரும்போது பார்த்துத் தருகிறேன். பெரியவர்கள் ஆரோக்கியமாகவும் சிறியவர்கள் கொஞ்சம் புத்தியோடும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
மேஸ்திரி (பூச்சு வேலைக்காரன் அல்ல)

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. சுவரை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று, சேற்றை வாரிவிட்டு விசாரணையை அந்த வாசிப்பு அறையிலேயே வைத்துவிட்டார்கள். அதிகாரி சின்ன வயதுப் பெண். "பெரியவரே, இது எப்போ கட்டினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எழுந்தேன். முட்டி பிடித்ததால் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். ஒரு வாரம் ஊறிய சுவர், ஐயா, தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இல்லை. பூச்சைத் தட்டினேன், கல் மாதிரி இருந்தது. "எங்க தாத்தா காலத்துலயே இது பழைய கட்டடம்ங்க. கட்டினவங்க எல்லாம் நல்ல ஒசரம்னு சொல்லுவாரு" என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்தப் பெண் கதவை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். இடிக்கவில்லை. மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்து, "இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே மாமா" என்றார். ஆமாம் என்றேன். ஆகவே அவருக்குப் போன் எதுவும் செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள், நூலகத்தை நான் கட்டினேன் என்பதற்கு உலகத்தில் இது ஒன்றுதான் ஆதாரம். எரிப்பதற்கு முன் சம்பந்தி அம்மாளுக்கும் ஒரு தடவை படித்துக் காட்டிவிடுங்கள்.