குற்றாலத்தைக் கெடுத்த 142857

கல்யாணமாகிப் பதினாலு வருசத்தில் என் பெண்டாட்டி சண்முகப்ரியாவை ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. இந்தச் சனிக்கிழமை ஜெயித்தே தீருவது என்று என் மரப்பட்டறையில், இழைப்புளியைக் கையில் பிடித்துக்கொண்டு சபதம் எடுத்தேன். காரணம் லேசுப்பட்டதில்லை. குற்றாலம்! ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் வேன் பிடித்துக் கிளம்புகிறார்கள். பாழாய்ப்போன அதே ஞாயிறு, கோட்டையூரில் கொழுந்தியா பூஜாவுக்கு வளைகாப்பு. போனால் டவுன் பஸ்ஸில் சீர்த்தட்டு சுமப்பது அடியேன்தான்.

ஆயுதம் போனில் கிடைத்தது. 142857. ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். ரெண்டால் பெருக்கினால் 285714. மூணால் பெருக்கினால் 428571. அதே ஆறு பேர், ராட்டினத்தில் ஏறின மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஆறால் பெருக்கும்வரை இதே கதை. ஏழில் மட்டும் காலை வாரிவிடும். அதை அவளிடம் சொல்ல எனக்கென்ன கிறுக்கா?

"பிரியா, ஒரு பந்தயம். இந்த நம்பரை ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் எதால வேணாலும் பெருக்கு. இதே நம்பருகதேன் இடம் மாறி வரும். வந்துச்சுன்னா நான் குத்தாலம்."

"வரலைன்னா?"

"வளைகாப்புக்கு வாரேன். எத்தனை தட்டுன்னாலும் தூக்குறேன்."

அவள் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னாள்:

"வளைகாப்புப் பேச்சை ரெட்டைப்படையிலயா நிறுத்துவீக? ஒத்தப்படையா வைங்க. ஏழு."

அவசரமாகக் குறுக்கே விழுந்தேன்.

"அ... அஞ்சுன்னு வச்சுக்குவம். அதுவும் ஒத்தப்படைதேன!"

"நல்ல காரியத்துல சொன்னதைக் குறைப்பாகளா? ஆறு படி ஏணி கேட்டு வந்தவுகளுக்கு ரெட்டைப்படை ஆகாதுன்னு நீங்க ஏழு படியா வச்சுச் செஞ்சு குடுத்தீக? இல்ல அஞ்சா?"

வசமாக மாட்டிக்கொண்டேன். ஏழுதான் செய்து கொடுத்தேன். ஊரெல்லாம் அதைப் பெருமையாய்ச் சொல்லியும் திரிந்தேன்.

"சரி, ஏழு வரைக்கும்!" என்றேன். ஏழில் ஆறு என் பக்கம், ஒன்றே ஒன்றுதான் ஆபத்து. அவள் ரெண்டோ மூணோ சொல்லிவிட்டால் குற்றாலம் எனக்குத்தான். பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

"ஏழு," என்றாள்.

பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காய் எனக்கு மிச்சம் என்றும் சொல்ல முடியாது, வளைகாப்புத் தட்டில் ஏழு தேங்காய் வைத்தாக வேண்டும். போனில் அவளே தட்டினாள். 999999.

"எங்கங்க உங்க ஒண்ணும் நாலும்? ஆறு ஒன்பது வரிசையா நின்னு பல்லைக் காட்டுது!"

மறுநாள் கோட்டையூர் பஸ்ஸில், மடியில் பழத்தட்டு, தலைக்கு மேல் வளையல் தட்டு. கூட்டாளி ஒருத்தன் அருவியில் நிற்கிற படத்தை அனுப்பியிருந்தான். அழாத குறை. மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் பிரியா, உனக்கு இந்தக் கணக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கெங்க தெரியும்? ஏழுன்னதும் பதறிப்போய் அஞ்சுக்கு ஓடுனீக பாருங்க, அப்ப நீங்கதேன சொல்லிக் குடுத்தீக!"