எண்பத்தைந்து சதவீத நீலமேகம்

தடைக்காலம் வந்துவிட்டால் காரைக்காலில் சும்மா கிடப்பவை இரண்டு. ஒன்று, ஆற்றுமுகத்தில் வரிசையாகக் கட்டிப் போட்ட விசைப்படகுகள். இன்னொன்று, கோவில்பத்து நீலமேகம். படகுகளால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் நாற்பத்தைந்து நாள் கடலுக்குப் போகத் தடை போடும். படகு போகாவிட்டால் ஐஸ் எதற்கு? ஐஸ் பேக்டரியை மூடுவார்கள். அதன் மேனேஜர் நீலமேகம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு ஆண்பிள்ளை நாற்பத்தைந்து நாள் வீட்டில் உட்கார்ந்தால் அந்த வீட்டில் என்ன பொரியும் என்பதை எந்த இலாகாவும் இதுவரை ஆராய்ந்ததில்லை.

முதல் வாரம் நீலமேகம் மளிகை டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கினார். அன்று ரசத்தில் சீரகத்துக்குப் பதில் சோம்பு விழுந்தது. இரண்டாவது வாரம் மாடித் தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று அளக்க ஏறினார். இறங்க ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. மூன்றாவது வாரத்துக் கடைசியில், இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் மே மாதம் ஆறாம் தேதி, காலைக் காப்பிக்குப் பிறகு, தன் வாழ்க்கை வீணாகிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

“நாயகி, நாம சென்னைக்குப் போறோம்.”

பெரியநாயகி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக இவருடைய அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கியவள். ஒரு முறைகூட விரலை வெட்டிக்கொண்டதில்லை.

“யாருக்குக் கல்யாணம்?”

“கல்யாணம் இல்லடி. குடியே போறோம். நம்ம அருள்மணி தெரியுமா, சித்தப்பா மவன்? இன்டர்நெட்ல ஏதோ தொழில்காரங்க தளமாம், அதுல அவன் விவரத்தைப் போட்டு வெச்சிருந்தானாம். கம்பெனிக்காரன் தேடி வந்து தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப வைஸ் பிரசிடென்ட்! பத்தாவதுல கணக்குப் பரீட்சையில நான் காட்டித்தான் அவன் பாஸானான்.”

“நீங்க?”

“அந்த வருஷம் கேள்வி கஷ்டம்.”

பெரியநாயகி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கத்தியைக் கீழே வைப்பது நல்லதற்கில்லை என்பது நீலமேகத்துக்குத் தெரியும்.

“பாப்பா இப்பதான் பத்தாவது முடிச்சிருக்கா. டாக்டருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கின சீட்டு நாலோ அஞ்சோ. அதுக்குத் தொடர்ந்து இங்கயே குடியிருந்ததுக்கு சர்டிபிகேட் வேணும். இன்னும் ரெண்டு வருஷம், ரெண்டே வருஷம். நீங்க எல்லையில இருக்கிற பூவம் செக்போஸ்ட்டைத் தாண்டி சாமானை ஏத்தினீங்கன்னா அவ சீட்டும் அதே லாரியில ஏறிப் போயிடும்.”

“ஏன், சென்னையில மெடிக்கல் காலேஜ் இல்லையா?”

“இருக்கு. வரிசையில லட்சம் பிள்ளைங்களும் இருக்கு.”

“பெரிசா யோசிக்கணும், நாயகி.”

“நீங்க பெரிசா யோசிச்சப்பல்லாம் நான்தான் ஏணி கொண்டாந்தேன்.”

அறைக்குள் மகள் பாரதிப்ரியா உயிரியல் புத்தகத்தோடு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நீலமேகம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உறுதி எடுத்த மனிதர் பக்கவாட்டில் பார்ப்பதில்லை.

அன்று மாலையே கடைத்தெருவில் மெஹர் பானுவின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். மெஹர் பானு கான்வென்ட்டில் பெரியநாயகியோடு பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இது நீலமேகத்துக்கும் தெரியும். தகவல் தெரியாமல் கெட்ட புருஷன் யாருமில்லை. தெரிந்தும் அலட்சியம் செய்து கெட்டவர்கள்தான் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

நான்கு நாள் உட்கார்ந்து விவரம் ஏற்றினார்கள். ஐஸ் பேக்டரி மேனேஜர், ‘குளிர்நிலை வழங்கல் துறை வல்லுநர்’ ஆனார். பார் ஐஸை மிஷினில் போட்டு உடைப்பது, ‘திடப்பொருள்களைச் சிறு அலகுகளாக மாற்றும் தொழில்நுட்பம்’ ஆனது. மீன் வண்டி டிரைவர்களோடு தினமும் போடும் வாய்ச்சண்டை, ‘போக்குவரத்துப் பங்காளர்களுடன் இடைவிடாத பேச்சுவார்த்தை.’ போட்டோவுக்கு ஸ்டூடியோ கோட்டு. ஊருக்கெல்லாம் அந்த ஒரே கோட்டுதான். ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்குவார்கள். நீலமேகத்துக்கு முதுகுத் தையலையே பிரித்துவிட்டார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கம்பெனி சேர்மன். பின்னாலிருந்து பார்த்தால் பனியன்.

இத்தனைக்கும் பிறகு திரையில் ஒரு பச்சைக் கோடு முக்கால் தூரத்துக்குச் சற்று மேல் ஓடி நின்றுவிட்டது.

“உங்க விவரம் எம்பத்தஞ்சு சதவீதம்தான் முழுமையாம் அண்ணே” என்றாள் மெஹர் பானு. “உங்களைப் பத்தி வேற யாராவது நல்லதா எழுதணும். கம்பெனிக்காரன் போன் பண்ணி விசாரிக்க ஒரு ஆளும் வேணுமாம். அதுதான் மிச்சம் பதினஞ்சு.”

நீலமேகம் யோசித்தார். முதலாளிக்குத் தெரிந்தால் தடைக்காலம் முடிந்தும் தனக்குத் தடை நீங்காது. மற்ற யாருக்கும் சென்னைக்காரனிடம் இங்கிலீஷில் பேச வராது. இங்கிலீஷ் பேசத் தெரிந்து, போன் வைத்திருந்து, தன்னை முழுக்கத் தெரிந்த ஆள் கோவில்பத்தில் ஒருத்திதான்.

வீட்டுக்குப் போய், குரலைத் தாழ்த்தி, விஷயத்தைச் சொன்னார். உள்ளே மகள் படிக்கும் முணுமுணுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பெரியநாயகி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “சரி” என்றாள்.

“சரியா?”

“சரிங்க. ஆனா ஒண்ணு. நான் பொய் சொல்ல மாட்டேன். கான்வென்ட்ல பொய் சொன்னா சிஸ்டர் ஸ்கேலாலயே முட்டியில போடுவாங்க. இன்னும் அந்த பயம் போகல.”

“பொய் எதுக்கு? என்னைப் பத்தி உண்மையைச் சொன்னாலே போதும்” என்றார் நீலமேகம். அவர் அதை நிஜமாகவே நம்பினார் என்பதுதான் இந்தக் கதையிலேயே பரிதாபமான இடம்.

மறுநாள் மெஹர் பானு பெரியநாயகியின் பேரையும் வீட்டு போன் நம்பரையும் ஏற்றினாள்.

“இவங்க உங்களுக்கு என்ன முறைன்னு கேக்குது அண்ணே.”

“சம்சாரம்னு போடும்மா.”

“அது லிஸ்ட்லயே இல்ல. மூணுதான் இருக்கு. மேலதிகாரி, சக ஊழியர், கீழ வேலை பாக்கிறவர்.”

நீலமேகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே வேலை பார்ப்பவர் என்று போட்டு அது அவள் காதுக்குப் போனால் இரவுச் சாப்பாடு இல்லை. சக ஊழியர் என்றால், அவ்வளவு சமமாகத் தன்னை அவர் என்றுமே நினைத்துக்கொண்டதில்லை. அதோடு, கம்பெனிக்காரன் மதிப்பது யார் சொல்லை?

“மேலதிகாரின்னே போடு.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா அண்ணே?”

“போடும்மா. இன்டர்நெட்ல போட்டதெல்லாம் யாரு பாக்கப் போறா?”

விவரம் ஏற்றிய பன்னிரண்டாம் நாள் காலை பத்தரைக்கு போன் அடித்தது. சென்னையில் பெரிய குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கு ஆள் எடுக்கும் அதிகாரி. சந்திரலேகா என்று பேர் சொன்னாள். பெரியநாயகி நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கான்வென்ட் இங்கிலீஷ் இஸ்திரி போட்ட மாதிரி வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற நீலமேகத்துக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியெல்லாம் தேன்.

“ஆமாம், பெரியநாயகிதான் பேசுகிறேன்... பத்தொன்பது வருடம்... ஆமாம், நேரடியாக என்னிடம்தான்.”

நீலமேகம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“நேரம் தவறியதே இல்லை... கெட்ட பழக்கம் கிடையாது... எதிர்த்துப் பேசுவதா? ஆரம்பத்தில் கொஞ்சம் உண்டு... முடிவுகளா? தயங்காமல் எடுப்பார். எடுத்துவிட்டு என்னிடம் வந்து கேட்பார்.”

நீலமேகத்துக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் இவள் மனசில் இவ்வளவு மரியாதையா? ஐந்து விரலை விரித்துக் காட்டி, தனக்குக் கீழே ஐந்து பேர் வேலை பார்ப்பதையும் சொல்லச் சொன்னார். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

“என்னங்க, பால் பொங்குது பாருங்க.”

ஓடினார். திரும்பி வருவதற்குள் அவள் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டிருந்தாள்.

“அடுப்புல பாலே இல்லையே?”

“இல்லையா? அப்ப காய்ச்சிட்டேன் போலிருக்கு.”

“என்ன சொன்னாங்க?”

“உங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்.”

அன்று நீலமேகம் லாரி வாடகை விசாரித்தார்.

நான்கு நாள் கழித்து மெயில் வந்தது. மெஹர் பானு இரண்டு முறை தனக்குள் வாசித்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, துக்கச் செய்தி படிப்பவள் போலத் தமிழில் சொன்னாள்.

“இப்படி ஒரு நற்சான்று இதுவரைக்கும் கேட்டதே இல்லையாம். ஆனா உங்க மேலதிகாரி ரெண்டாயிரத்துப் பத்து ஆகஸ்ட் மாசம் வரைக்கும் உங்களை விடுவிக்க முடியாதுன்னு உறுதியாச் சொல்லிட்டாங்களாம். அவங்க சம்மதம் இல்லாம ஆளைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போறது சென்னைக் கம்பெனி வழக்கமில்லையாம். அதுக்கப்புறம், உங்க மேலதிகாரிகிட்ட விடுவிப்புக் கடிதம் வாங்கிக்கிட்டு வாங்கன்னு எழுதியிருக்காங்க.”

நீலமேகம் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது.

பெரியநாயகி அதே இடத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாரதிப்ரியா நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பொய் சொல்ல மாட்டேன்னியே!”

“எது பொய்? எப்ப விடுவீங்கன்னு கேட்டாங்க. பாப்பா காலேஜுல சேர்ற மாசத்தைச் சொன்னேன்.”

“நீ என்ன என் மேலதிகாரியா?”

“நானா சொன்னேன்? நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க.”

நீலமேகம் மகளைப் பார்த்தார். இந்த மூன்று வாரத்தில் அன்றுதான் அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே நார் எடுத்தது. எடுத்த காயிலேயே மறுபடியும் எடுத்தது. சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் உட்கார்ந்து, ஒரு கைப்பிடி கொத்தவரங்காயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நாம எங்கயும் போகல பாப்பா” என்றார்.

“தெரியும்ப்பா” என்றது அந்தப் பெண்.

மறுநாள் மானத்தோடு எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனார். மெஹர் பானு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“நாயகி நேத்து சாயங்காலம் வந்து உங்களைப் பத்தி நல்லதா ரெண்டு வரி எழுதிட்டுப் போயிருக்கா அண்ணே. வாசிக்கவா? ‘நீலமேகம் சொன்னதைச் செய்வார். சொல்லாததைச் செய்ய ஆரம்பித்தால் எனக்குத் தகவல் தரவும்.’ இதை நீங்க ஏத்துக்கிட்டா பச்சைக் கோடு நூறைத் தொட்டுடும். சொல்லுங்க, ஏத்துக்கவா? எல்லாத்தையும் அழிச்சிடவா?”

நீலமேகம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்ட நீலமேகம் அங்கிருந்து அவரைக் கம்பீரமாகப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தீர்மானமான குரலில் சொன்னார்:

“இரும்மா. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.”